வால்முடி

“இதுதாங்கண்ணா ஒசத்தித் தோட்டா. யானையோட வால்முடியைக் காட்டிட்டாப் போதும், அந்த வாசனையைத் தேடிப் போயிரும். செத்ததைத் தொடாது, உசுரோட இருக்குறதைத்தான் அடிக்கும்,” என்றார் துப்பாக்கிக் கடைக்காரர்.

ஊரில் மூன்று பேரை மிதித்துக் கொன்ற கொம்பனுக்காக நஞ்சப்பன் அதையே வாங்கினான். வேலியில் சிக்கியிருந்த அதன் வால்முடிகளில் ஒன்றைத் தோட்டாக்களுக்குக் காட்டினான்.

யானை என்றால் அடுத்தடுத்து இரண்டு முறை சுடுவது அவன் பழக்கம். முதல் தோட்டாவிலேயே கொம்பன் சாய்ந்து அடங்கியது. இரண்டாவது, அதன்மேல் ஒரு வட்டமடித்துவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பியது.

பதறிப்போய் மனைவிக்குப் போன் செய்தான்.

“வேலியில மிச்சம் இருந்த முடிய என்ன பண்ணுனே?”

“பாப்பா பயப்படாம இருக்கட்டும்னு மோதிரமாத் திரிச்சுப் போட்டு விட்டேனுங்க. வாசல்லதான் விளையாடுறா. ஏனுங்க, வண்டு மாதிரி என்னமோ சத்தம் கேக்குது...”