மூன்றாவது முறை

"ஏனுங்க, மேஸ்திரி வேலையை மறுபடியும் வேண்டான்னு சொல்லிப்போட்டீங்களாமா?" மில்லிலிருந்து வந்த வேலனைச் செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை மயிலாத்தாள்.

"ஆமா."

"இதோட மூணு தடவையாச்சுங்க! உங்களுக்குப் பொறகு சேர்ந்தவனெல்லாம் மேஸ்திரியாகி மொபெட்டுல போறான். நீங்க இன்னும் ஓட்டைச் சைக்கிளை மிதிச்சிட்டிருக்கறீங்க."

"எனக்கு இந்த வேலையே போதும், உடு."

"எனக்குப் போதாதுங்க. அதான் நானே மேனேஜர் ஊட்டுக்குப் போயி, அவரு சம்சாரத்துக்கிட்ட அழுது கேட்டுப்போட்டு வந்தேன். அவரும் சரின்னுட்டாரு. நாளையிலிருந்து நீங்க மேஸ்திரி!"

வேலன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"மேஸ்திரி சம்பளம் ஈ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிரும், மயிலா. கார்டு போயிரும். பொறகு உன்ற இருதய ஆபரேஷனை ஆரு இலவசமாச் செய்வாங்க?"



"இதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?"

"சொன்னா, ஆபரேஷன் வேண்டாம், வேலையை வாங்கிக்குங்கன்னு நிப்பே."

அவன் செருப்பைக் கழற்றக் குனிந்தான்.

"கழட்டாதீங்க, கெளம்புங்க. மேனேஜர் ஊட்டுல மறுபடியும் போயி அழுகோணும்."