மாப்பிள்ளைக்குக் கண் தெரிகிறது

மரபணுச் சோதனையின் ஜெல் படத்தில் மேல் கோடு இருந்தது.

இருக்கக் கூடாது. ஒன்பதாம் எண் எலிக்குக் கீழ்க்கோடு மட்டும்தான் தெரிய வேண்டும்.

முதல் தடவை அவன் ரசாயனத்தின் மேல் பழியைப் போட்டான். இரண்டாம் தடவை மின்சாரத்தின் மேல். மூன்றாம் தடவையும் மேல் கோடு பளிச்சென்று வந்து நின்றபோது, பழி போட எதுவும் மிச்சமில்லை.

அவனுடைய அக்காவின் உடலில் பழுதாகிப்போன அதே மரபணுவை நீக்கிப் பிறக்கவைத்த எலிகள் அவை. நான்கு மாதத்தில் அவற்றின் பார்வை சுத்தமாகப் போய்விடும். ஆறு எலிகளுக்கு மட்டும் கண்ணில் புது மருந்து ஏற்றியிருந்தார்கள்.

போன வியாழக்கிழமை பரிசோதனை. கறுப்பு வெள்ளை வரிகள் போட்ட உருளை சுழலும், நடுவில் எலி இருக்கும். கண் தெரிந்தால் வரியோடு சேர்ந்து தலையைத் திருப்பும்.

ஐந்து எலிகள் தேமே என்று உட்கார்ந்திருந்தன. ஒன்பதாம் எண் திருப்பியது. வரி இடப்பக்கம் ஓடினால் இடப்பக்கம், வலப்பக்கம் ஓடினால் வலப்பக்கம்.

ஒரே ஒரு எலியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார் ஆய்வகத் தலைவர். அவர் சொன்னது சரிதான். ஆனால் அவருடைய அக்காவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

இவன் வராந்தாவுக்கு வந்ததும் வராததுமாக அக்காவுக்குப் போன் போட்டுவிட்டான்.

அக்கா கணக்கு டீச்சர். ஒரு குழாய் வழியாகத் தெரிகிற அளவுதான் இப்போது அவளுக்கு உலகம். கரும்பலகையை ஓர் எண் ஓர் எண்ணாகத்தான் படிக்கிறாள். பள்ளிக்கூடப் படியில் இரண்டு முறை விழுந்த பிறகு ராஜினாமாக் கடிதமும் கொடுத்துவிட்டாள்.

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அவளுக்கு வந்தது, அவனைத் தொடவில்லை. அதைச் சொல்லி அவள் ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. குத்திக்காட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று போனில் வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். எலிக்கு மாப்பிள்ளை என்று அப்போதே பெயரும் வைத்துவிட்டாள். கண்ணைக் காரணம் காட்டி எத்தனையோ மாப்பிள்ளைகள் ஓடிப்போனார்கள், இவராவது நின்றாரே என்றாள்.

இன்று கட்டுரை எழுதும் முன், வழக்கமான ஒரு சரிபார்ப்புக்காகத்தான் ஆறு எலிகளின் வால் நுனியிலும் துளி சதை எடுத்து மரபணுவைப் பார்த்தான். மற்ற ஐந்தும் சரியாக இருந்தன.

படத்தை மேசையில் வைத்துவிட்டு எலி அறைக்குப் போனான். ஒன்பதாம் எண்ணைக் கையில் எடுத்து, காதை லென்ஸில் பார்த்தான்.

மரபணு நீக்கிய எலிக்கு இடது காதில் ஒரு துளை போடுவார்கள். நீக்காத உடன்பிறப்புகளுக்குத் துளை கிடையாது; ஜெல்லில் மேல் கோடு வருவதும் அவற்றுக்குத்தான்.

இதன் காதில் இருந்தது துளை இல்லை. ஓரம் பிசிறிப் பிய்ந்திருந்தது. கூண்டுச் சண்டையில் வேறொரு எலி கடித்த இடம். இந்த எலியிடமிருந்து யாரும் எதையும் நீக்கவே இல்லை.

ஆறு எலிகளைப் பொறுக்கியது யார் என்று கூண்டின் அட்டையைப் பார்த்தான். அவனுடைய கையெழுத்துதான். இதைக்கூடக் கவனிக்காமல் எப்படி விட்டோம் என்று அவனுக்குப் புரியவே இல்லை.

போன் அடித்தது. ஒரு கையில் எலி. போனை எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான்.

"மாப்பிள்ளை எப்படிடா இருக்கார்? நான் போய் அந்த லெட்டரைத் திருப்பி வாங்கிட்டேன். ஹெட்மாஸ்டர் மூஞ்சியைப் பாக்கணுமே. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பாத்தேன்."

சொல்லிவிட வேண்டும். இப்போது சொன்னால் நாளைக்கே கடிதத்தை மறுபடியும் கொடுத்துவிடுவாள், அதையும் சிரித்துக்கொண்டே கொடுப்பாள்.

எலியின் முன்னால் சுண்டுவிரலை அசைத்தான். விரல் போன பக்கம் தலை போனது.

"நல்லாப் பாக்குறார்க்கா. ஒரு குறையும் இல்ல."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அக்கா பேசிக்கொண்டே போனாள். தலையைச் சாய்த்து, போனை இடுக்கியபடி, கையிலிருந்த எலியின் காதைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எலிகளைப் பொறுக்கிய அன்றும் இப்படியேதான் நின்றிருந்தான். அக்கா முதல் முறை படியில் விழுந்த நாள் அது. காலில் கட்டோடு படுத்துக்கொண்டு, தம்பி பயந்துவிடக் கூடாதே என்று அவள் போனில் ஏதேதோ வேடிக்கை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவனும் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு காதாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.