பாஷா கடைப் படிக்கல்

"எழுத்தை அடியில போட்டுப் புதைக்கிறியே, இது உனக்கே நல்லாருக்கா?"

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகும் சாலையில், ஏரியை ஒட்டி பாஷாவின் மெக்கானிக் கடை. குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் கடையின் படிக்கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அடிப்பக்கம் முழுக்கப் பழைய எழுத்து. பாஷா கடப்பாரையால் அதை மறுபடி கவிழ்க்கப் போன நேரத்தில்தான் சுந்தரமூர்த்தி வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லருகே உட்கார்ந்தார்.

"பத்தாம் நூற்றாண்டு," என்றார். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அந்தக் கொஞ்சத்துக்காக வாதாடியே அவர் ஏற்கெனவே இரண்டு நண்பர்களை இழந்திருந்தார்.

விரலால் தடவிப் படித்தார். "'இக்கல்லுக்கு மேற்கு ஏரி நீர் நிற்கும் நிலம். இதில் மனை எடுக்கப்பெறாதார்.' ஏரிக்கு எல்லைக் கல்லுப்பா இது. உள்ளே யாரும் வீடு கட்டக் கூடாதுன்னு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வெச்சிருக்கான். நீ அதுமேல கால வெச்சு ஏறி இறங்கிகினு இருக்கே."

"தப்புதான் சார்."

"எங்கிருந்து எடுத்தே?"

"ஞாபகம் இல்ல சார்."

சுந்தரமூர்த்தியின் பையில் ஒரு பட்டியல் இருந்தது. ஏரிக்குள் கட்டிய பதினேழு வீடுகள், பூபாலனின் மாட்டுக் கொட்டகை தனி.

"திங்கட்கிழமை தாலுகா ஆபீசுலருந்து ஏரியை அளக்க வர்றாங்க. அவனவன் எல்லை எதுன்னு கேக்கறான். இந்தக் கல்லை அது இருந்த எடத்துலயே நட்டுட்டா எவனும் வாயைத் தொறக்க முடியாது. சொல்லு, எங்க இருந்தது?"

"தெரியலையே சார்."

"இருபது வருஷமா உன் வாசல்ல கெடக்குது. தானா நடந்தா வந்துது?"

"நான் திருடினேன்னே எழுதிக்குங்க சார்."

"எழுதத்தான் போறேன், போலீசுக்கு. எவன் வீட்டைக் காப்பாத்தறதுக்கு இதை ஒளிச்சே?"

டீ கொண்டுவந்த பாஷாவின் மனைவி ரம்ஜான் பீ பதில் சொன்னார்.

"உங்க வீட்டத்தான் சார்."

"நீ சும்மா இரு," என்றார் பாஷா.

"எத்தினி பேச்சுதான் வாங்குவீங்க? சார், உங்க வீட்டுக்குக் கடக்கால் தோண்டறப்போ வந்த கல்லு இது. கிழக்குச் செவுரு வர்ற எடத்துல நின்னுகினு இருந்துச்சு. அன்னிக்கு நீங்க ஸ்கூலுக்குப் போய்ட்டீங்க. மேஸ்திரிக்கு இந்தக் கல்லத் தெரியும், அவங்க தாத்தா காமிச்சிருக்காரு. வெளியே தெரிஞ்சா வாத்தியாரு வீடு கட்ட முடியாதுன்னாரு. எங்க பையன் அனீசுக்கு அப்போ நீங்கதான் சாயங்காலத்துல பாடம் சொல்லிக் குடுத்துகினு இருந்தீங்க. அவன் ரயில்வேல சேர்ந்ததே அதுலதான். இவருதான் தள்ளுவண்டியில வெச்சு எடுத்தாந்து, எழுத்த அடியில போட்டுப் படியாக்கினாரு."

சுந்தரமூர்த்தி திரும்பிப் பார்த்தார். தெருக் கோடியில், அவர் வீட்டு மாடியில் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.

டீயை நிதானமாகக் குடித்தார். கல்லை இன்னொரு முறை படித்தார். அதே எழுத்துதான்.

"வெயில்லயும் மழையிலயும் கெடந்தா எழுத்து தேய்ஞ்சுடும் பாஷா," என்றார் கடைசியில். "அடியில இருந்தாத்தான் பாதுகாப்பு."

கடப்பாரையின் மறுமுனையை அவரே பிடித்தார். கல் கவிழ்ந்து பள்ளத்தில் உட்கார்ந்தது.

பதினேழு வீடுகளின் பட்டியலைப் பைக்குள் சரியாகச் செருகிக்கொண்டு, செருப்பை மாட்டினார். பிறகு, கல் ஆடுகிறதா என்று அதன்மேல் ஏறி நின்று, இரண்டு முறை நன்றாக மிதித்துப் பார்த்தார்.