டினோவின் கைவேலை

கடைசித் திருகாணியைக் கழற்றி கியர்ப்பெட்டியின் மூடியைத் தூக்கியதும் றெஜினாவுக்கு விளங்கிவிட்டது. உள்ளே ஒரு பழுதும் இல்லை.

மூன்று பற்சக்கரங்களும் அதனதன் இடத்தில் இருந்தன. போன மாதம் பூசிய கிரீஸ் இன்னும் மினுங்கியது. சுருள்வில் தளரவில்லை.

ஆனால் எத்தியேன் அனுப்பிய செய்தியில், துவக்கு சுடவே மாட்டேன் என்கிறது என்று இருந்தது.

விளையாட்டுத் துவக்குத்தான். பார்வைக்கு அசல் மாதிரி. சுடுவதோ வெள்ளைப் பிளாஸ்ரிக் உருண்டைகளை. லவால் நகரத்துக்கு அப்பால் ஒரு காட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெடியள் இரண்டு அணியாகப் பிரிந்து இவற்றால் சண்டை பிடிப்பார்கள். கடையில் வாங்கியது அப்படியே இருந்தால் அவர்களுக்குப் பிடிக்காது. குழல் மாற்ற வேண்டும், வில் மாற்ற வேண்டும், பிடியைக் கட்டையாக்க வேண்டும், பனிக்காலத்துக்கு வெள்ளைச் சாயம் அடிக்க வேண்டும்.

அதற்கு அவர்கள் தேடிவருகிற ஆள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், மூன்றாம் மாடியில், றெஜினாவின் மகன் டினோஜன்.

முதன்முதலாக அவன் ஒன்றைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தபோது றெஜினா இரண்டு நாள் அந்த மேசையில் சாப்பிடவில்லை. மன்னாரில் துவக்கைக் கண்டால் ஓடிப் பழகிய கால்கள் அவளுடையவை.

இப்போது அதே மேசையில் அவளேதான் கழற்றிப் பூட்டுகிறாள்.

இரும்பு அவளுக்குப் புதிதில்லை. ஷபனெல் தெருத் தையல் ஆலையில் இருபத்திரண்டு வருடம். மெக்கானிக் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் தன் மெஷினைத் தானே திறந்து பார்த்தவள். சத்தத்தை வைத்தே எங்கே உரசுகிறது என்று சொல்லிவிடுவாள்.

மிச்சத்தை டினோவின் கைபேசி சொல்லிக் கொடுத்தது. கழற்றிய ஒழுங்கு மறந்துபோகாமல் இருக்க அவன் ஒவ்வொரு வேலையையும் வீடியோ எடுத்து வைத்திருந்தான். முகம் தெரியாது. இரண்டு கைகளும் குரலும் மட்டும்.

ஒன்றில் அவளே பின்னால் வந்து, சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். கதையாதேங்கோ அம்மா, எடுத்துக்கொண்டிருக்கிறன் என்கிறான்.

அதில் உள்ள வேலை அவளுக்கு எப்போதோ பாடமாகிவிட்டது. என்றாலும் எந்தத் துவக்கைத் திறந்தாலும் முதலில் அதைத்தான் போடுவாள்.

வைகாசியில் டினோவுக்கு விபத்து. அவனைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்த பதினோராம் நாள், மேசையில் பாதி கழற்றிய துவக்கொன்று கிடந்தபடியே கிடந்தது. அவனுடைய கைபேசி அதிர்ந்தது. வேலை முடிந்துவிட்டதா என்று யாரோ ஒரு பெடியன் பிரெஞ்சில் கேட்டிருந்தான்.

முடியவில்லை என்று எழுத அவளுக்குத் தெரியும். அவன் இல்லை என்று எழுதத்தான் விரல் வரவில்லை.

சனிக்கிழமை வா என்று எழுதினாள்.

அதோடு தொடங்கியது. எழுதுகிறவர்களுக்கு டினோவாகப் பதில் எழுதினாள். கதவடியில் தாயாக நின்று சாமானைக் கொடுத்தாள். கோடை முழுக்க ஆட்கள் வந்தார்கள். குளிர் தொடங்கியதும் ஒவ்வொருவராகக் குறைந்து, இப்போது மாசியில் எத்தியேன் ஒருவன்தான் மிச்சம். மாதம் தவறாமல் எதையாவது பழுதாக்கிக்கொண்டு வருவான். சாமானைப் பக்குவமாகப் பாவிக்கத் தெரியாத பெடியன் என்று நினைத்துக்கொள்வாள்.

இன்றைக்கும் பழுதில்லாத பெட்டியைத் துடைத்து, புதுக் கிரீஸ் பூசி, திரும்பப் பூட்டினாள். ஒன்றும் செய்யாமல் கொடுக்க மனம் வரவில்லை.

மூன்று மணிக்குக் கதவு மணி அடித்தது. எத்தியேன் வெறும் ஹொக்கிப் பையோடு நின்றான். டினோ பார்த்தான், உள்ளே கொஞ்சம் ஊத்தை அடைத்திருந்தது, இப்போது சரி என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள். அவன் தலையாட்டிக்கொண்டு துவக்கைப் பைக்குள் வைத்து இழுத்து மூடினான்.

மற்ற நாட்களில் அதோடு போய்விடுவான். இன்றைக்கு நின்றான். சப்பாத்துப் பனி மிதியடியில் உருகிக்கொண்டிருந்தது. டினோ சுகமாக இருக்கிறானா என்று கேட்டான்.

"அவன் நித்திரை," என்றாள். "இரவு வேலை."

எத்தியேன் அவளுடைய கையைப் பார்த்தான். நகக்கண்களில் கறுப்புக் கிரீஸ். அவள் கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மெர்சி என்று நன்றி சொன்னான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான். கீழ்க்கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை அவள் அப்படியே நின்றாள்.

குசினிக்கு வந்து மேசையைத் துடைத்தாள். திருகாணித் திறப்புகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினாள். திறப்பதற்கு வேறு துவக்கு இல்லை. திங்கட்கிழமைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

டினோவின் கைபேசி அதிர்ந்தது.

எத்தியேன்தான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரெஞ்சைச் சொல் சொல்லாக வாசித்தாள்.

'மாதாம், அதில் பழுது ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். வைகாசியில் அன்றைக்குத் தேவாலயத்தில் நானும் பின்வரிசையில் நின்றேன். அடுத்த சனிக்கிழமையும் கொண்டு வரட்டுமா?'