பல்பில் பதிந்த விரல்

மூன்று மாதங்களில் ஐந்தாம் முறையாகச் சவரியப்பனுடைய பழைய வேனின் முகப்பு விளக்கு கருகியது. இன்னுமொரு முறை அணைந்தால், மில்லின் இரவுப் பணியாளர்களை ஏற்றிவரும் வேலை அவன் நண்பன் ஆவுடையப்பனின் வேனுக்குத்தான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். பட்டறைக்கார முகைதீன் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். குறை ஏதும் அகப்படவில்லை. இறுதியில், கருகிய பல்பை வெயிலில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியில் ஒரு பெருவிரல் ரேகை வெந்து பதிந்திருந்தது. அதன் குறுக்கே ஒரு தழும்புக் கோடு.

“வெறுங்கையால தொட்டிருக்காங்க. விரல் எண்ணெய் சூட்டுல கண்ணாடியக் கெடுத்துரும். யாருண்ணே மாட்டுனா?”

“நம்ம ஆவுடைதான். எப்பவும் அவன்தான் மாட்டித் தருவான்.”

முகைதீன் சிரித்துவிட்டார். “அவுகளா? துணியில்லாம பல்பத் தொட்டேன்னு என் மண்டையில கொட்டுனதே அவுகதானே!”

சவரியப்பன் சிரிக்கவில்லை. அந்தத் தழும்பை அவன் அறிவான். இதே வேனுக்கு ஜாக்கி வைத்தபோது கிழிந்த ஆவுடையின் விரல் அது. அன்று தன் வேட்டியைக் கிழித்து அதற்குக் கட்டுப்போட்டவன் சவரியப்பன்தான்.

மாலையில் ஆவுடையப்பன் வந்தான். “என்னல, திரும்பவும் போயிட்டா? குடு, மாட்டித் தாரேன்.”

சவரியப்பன் புதுப் பல்பைப் பெட்டியோடு பானெட்டின்மேல் வைத்தான். அருகிலேயே வெளுத்த துணியொன்றையும் மடித்து வைத்தான். பின்னர் நண்பனின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.