பச்சைச் சுடிதார் பெண்ணைக் காணவில்லை

"என் பொண்ணுகிட்ட, பல் ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டு என் கூட்டாளி மகனைக் கட்டிக்கோன்னு சொன்னேன் சார். மறுநாளே ஆளைக் காணோம். நீங்க மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க, கையோட கல்யாணத்தை முடிச்சிடறேன்!" என்று மேஜையைத் தட்டினார் அப்பா. பக்கத்தில் அம்மா விசும்பிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டருக்குத் தலை சுற்றியது. அம்மா சொன்ன அடையாளங்களை வைத்து ஊரையே சல்லடை போட்டுச் சலித்தாயிற்று. பச்சைச் சுடிதார் என்றாள். எந்தக் கேமராவிலும் பச்சையே இல்லை. கடைசி பஸ்ஸில் போயிருப்பாள் என்றாள். கண்டக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"நீ அழுதது போதும், வண்டியை எடுத்துட்டு வர்றேன்" என்று அப்பா வெளியே போனார்.

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, எத்தனையோ வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். பிள்ளையைக் காணோம்னு வர்ற எல்லா அம்மாவும் 'எங்க இருக்காளோ, சாப்பிட்டாளோ என்னவோ'ன்னுதான் அழுவாங்க. நீங்க ஒரு தடவைகூட அதைச் சொல்லலையே?"

அம்மாவின் விசும்பல் குழாயை மூடியதுபோல் நின்றது. வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"சாப்பிட்டுட்டாளாம் சார். புது ஊரு, புது ஆஸ்பத்திரி. சம்பளம்கூட அதிகமாம். ஹாஸ்டல் சாம்பார்லதான் உப்பே இல்லையாம்... நான்தான் விடியக்காலை முதல் பஸ்ல ஏத்திவிட்டேன். அவர்கிட்ட சொல்லிடுவீங்களா?"

இன்ஸ்பெக்டர் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அழுங்கம்மா, அழுங்க. அவர் வர்றார்!"