மூன்றாம் பக்கம்

காந்திபுரத்துப் பழைய புத்தகக் கடையில், புத்தகங்களை விற்க வந்த கோகிலவாணிக்குக் காபி கொடுத்துவிட்டு, கடைக்காரர் சென்னியப்பன் அவற்றை ஒவ்வொன்றாகக் கணக்கிடும் கருவியின் தட்டில் வைத்தார். எந்தப் பக்கம் எப்போது, எத்தனை முறை திறக்கப்பட்டது என்று தட்டு சொல்லும். அதைப் பார்க்காமல் இப்போதெல்லாம் யாரும் வாங்குவதில்லை.

ஒரு நாவலில் அவர் கை நின்றது.

"இதை யாருங்க படிச்சது?"

"எங்க வீட்டுக்காரர்ங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நான் குடுத்தது. முழுசாப் படிச்சு அழுதேன்னாரு. அதை நம்பித்தான் கட்டிக்கிட்டேன்."

"மூணாம் பக்கத்தையே தாண்டலைங்களே! ஆனா அதை மட்டும் எழுநூறு தடவை தொறந்திருக்காரு. நேத்துகூட."

புளுகன்! அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

பிரித்தாள். கதை இன்னும் தொடங்கவேயில்லை. வெறும் தாளில் அவள் போட்ட கையெழுத்து. பக்கத்தில், அதைக் கொடுத்த அன்று அவள் வைத்த காபி டம்ளரின் வட்டக் கறை.

"இது விக்கறதுக்கில்லீங்க," என்று பையில் போட்டுக்கொண்டாள். "இன்னைக்காவது நாலாம் பக்கம் படிக்க வைக்கோணும்."